சொல்லிவிட்டுப் போவதும் கேட்டுவிட்டுப் போவதும்

கேள்வி: எனக்கு வயது 19. பெற்றோருடன் வசித்துக்கொண்டு கல்லூரியில் படிக்கிறேன். மாலையில் பகுதிநேர வேலைக்கும் போகிறேன். நான் இருக்கும் இடத்தை என் கைபேசி எந்நேரமும் அம்மாவுக்குக் காட்டிக்கொண்டிருக்க வேண்டும். இரவில் அதைத் திறந்து என் உரையாடல்களையும் படிக்கிறார். “ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை என்றால் காட்டுவதற்கு என்ன?” என்கிறார். உண்மையில் ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனாலும் மனம் கூசுகிறது. நான் சுதந்திரம் கேட்பது தன்னலமா?
– ஒரு மாணவி

பதில்: தன்னலம் அல்ல. உங்கள் அம்மாவின் கேள்வி நியாயமானதுபோல் தோன்றும். ஆனால் உங்கள் கைபேசியில் இருப்பவை உங்களுடைய செய்திகள் மட்டுமல்ல. தோழி ஒருத்தி தன் வீட்டுத் துயரத்தை உங்களிடம் சொல்லி அழுதிருக்கலாம். அவள் நம்பியது உங்களை. உங்கள் அம்மாவை அல்ல. அவள் சொன்னதைக் காப்பது உங்கள் கடமை என்பதை அம்மாவிடம் எடுத்துச் சொல்லுங்கள். பிறர் நம்பிச் சொன்னதைக் காக்கத் தெரிந்த மகளை எந்தத் தாயும் குறைவாக எண்ணமாட்டார் என்றே நம்புகிறேன்.

1948 டிசம்பர் 10 அன்று ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்ற உலக மனித உரிமைப் பிரகடனத்தின் 12ஆம் பிரிவு, ஒருவரின் தனிவாழ்விலும் கடிதப் போக்குவரத்திலும் தன்னிச்சையாகத் தலையிடக் கூடாது என்கிறது. 1989இல் ஏற்கப்பட்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கை, 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கும் அதே பாதுகாப்பைத் தன் 16ஆம் பிரிவில் தருகிறது. இவை அரசுகளை நோக்கி எழுதப்பட்டவை. வீட்டுச் சண்டையில் எடுத்து வீசுவதற்கானவை அல்ல. எனினும் நீங்கள் கேட்பது பிடிவாதமோ புதுமோகமோ அல்ல என்பதற்கு இவை போதும்.

அம்மாவின் அச்சமும் பொய்யானதல்ல. அதற்கு மதிப்புக் கொடுக்க ஒரு வழி உண்டு. சொல்லிவிட்டுப் போவது வேறு, கேட்டுவிட்டுப் போவது வேறு. எங்கே போகிறீர்கள், யாருடன், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பதை அம்மா கேட்பதற்கு முன்பே நீங்களாகச் சொல்லிவிடுங்கள். தாமதமாகும் என்று தெரிந்தால், சொன்ன நேரம் தாண்டுவதற்கு முன்பே அழைத்துவிடுங்கள். அதற்கு ஈடாக, கைபேசியைப் படிப்பதையும் இருப்பிடத்தைக் கண்காணிப்பதையும் ஒரு மாதம் நிறுத்திப் பார்க்கும்படி கேளுங்கள். வரைபடத்தில் நகரும் புள்ளி நீங்கள் இருக்கும் இடத்தைக் காட்டுமே தவிர, நீங்கள் நலமாக இருக்கிறீர்களா என்பதைக் காட்டாது. அதை உங்கள் குரல்தான் சொல்லும். இதற்கிடையில் பொய் சொல்லவோ இரண்டாவது கைபேசியை மறைத்து வைத்துக்கொள்ளவோ வேண்டாம். ஒருமுறை அகப்பட்டாலும், இத்தனை நாள் கண்காணித்தது சரிதான் என்ற எண்ணம் அவருக்கு உறுதிப்பட்டுவிடும்.

கேள்வி: வயது 23. வேலை கிடைத்துத் தனியாக வசிக்கிறேன். ‘ஏன்’ என்று கேட்க யாருமில்லை. ஆனால் நள்ளிரவு தாண்டியும் காணொளிகளைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். படிக்க நினைத்தது, கற்க நினைத்தது எல்லாம் அப்படியே கிடக்கின்றன. இதுதான் சுதந்திரமா?
– ஒரு வாசகர்

பதில்: பாதிச் சுதந்திரம் என்பேன். பிறருக்குத் தீங்கு நேராத வரையில் ஒருவரின் வாழ்வில் சமூகம் குறுக்கிடக் கூடாது என்று 1859இல் ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில் வாதிட்டார். அந்த அளவில் நீங்கள் விழித்திருப்பதைத் தடுக்க எவருக்கும் உரிமையில்லை. 1958இல் பிரிட்டிஷ் தத்துவ அறிஞர் ஐசையா பெர்லின், தடையின்றி இருப்பதையும் தன்னைத் தானே ஆள்வதையும் இருவேறு சுதந்திரங்களாகப் பிரித்துக் காட்டினார். முதலாவது உங்களுக்குக் கிடைத்துவிட்டது. இரண்டாவது கைகூடாததற்கு உங்களை மட்டும் குறை சொல்லமாட்டேன். புத்தகத்தில் அத்தியாயம் முடியும், நாளிதழில் கடைசிப் பக்கம் வரும். முடிவின்றி ஓடும் காணொளித் தொடரிலோ நிறுத்துவதற்கான இடமே இல்லாதபடி அமைத்திருக்கிறார்கள். ஆகவே நிறுத்துமிடத்தை நீங்கள்தான் முன்கூட்டி வைக்க வேண்டும். தானாக அடுத்த காணொளிக்குத் தாவும் வசதியையும் அறிவிப்பு ஒலிகளையும் அணைத்துவிட்டு, உறங்கும் அறைக்கு வெளியே கைபேசியை வையுங்கள். இதைச் சோர்ந்து கிடக்கும் நள்ளிரவில் அல்ல, மனம் தெளிந்திருக்கும் காலையில் முடிவு செய்யுங்கள்.

கேள்வி: 17 வயது மகனுக்கு எவ்வளவு சுதந்திரம் கொடுக்கலாம்?
– ஒரு தந்தை

பதில்: தவறினாலும் திருத்திக்கொள்ளக்கூடிய முடிவுகளை எல்லாம் இன்றே அவனிடம் விட்டுவிடுங்கள்: உடை, முடி, நண்பர்கள், ஓய்வு நேரம், தன் பணத்தைச் செலவிடும் விதம். அவன் தவறும்போது “நான் அப்போதே சொன்னேனே” என்று மட்டும் சொல்லாதீர்கள்; அடுத்த தவறு உங்கள் காதுக்கு வராமலே போய்விடும். உயிருக்கோ உடலுக்கோ ஆபத்தான விஷயங்களில் உறுதியாக இருங்கள், காரணத்தையும் சொல்லுங்கள். மேற்படிப்புப் போன்ற பெரிய முடிவுகளில் உங்கள் கருத்தைச் சொல்வதற்கு முன் அவன் கருத்தைக் கேளுங்கள். நீங்கள் முதலில் பேசிவிட்டால், அவன் மனத்தில் இருப்பதைச் சொல்லாமல் தலையாட்டிவிட்டுப் போய்விடக்கூடும்.