சுற்றுச்சூழல் ஆய்வில் பல துறைகளைச் சேர்த்துப் பிஎச்.டி. செய்ய என்ன பயிற்சி வேண்டும்?

கேள்வி: வேதியியலில் எம்.எஸ்சி. முடித்திருக்கிறேன். நீர், சூழல், மக்கள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கிற பிஎச்.டி. செய்ய ஆசை. அதற்கு எப்படித் தயாராவது?

காரைக்குடிப் பக்கம் பிஎச்.டி. மாணவர்களுக்குக் கைடாக இருக்கிறேன். சில ஸ்காலர்களுக்கு வேறு துறையிலிருந்தும் ஒரு கோ-கைடு உண்டு. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: எந்தெந்தத் துறையைச் சேர்க்கலாம் என்று யோசித்துத் தொடங்காதீர்கள். ஓர் இடத்தையும் அந்த இடத்தின் ஒரு கேள்வியையும் பிடியுங்கள். என்னென்ன துறை தேவை என்பதை அந்தக் கேள்வியே சொல்லிவிடும்.

செட்டிநாட்டில் இதற்குக் கண்மாய், அதாவது ஏரி, போதும். வற்றாத ஆறு இல்லாத சீமை இது. வடகிழக்குப் பருவமழையைக் கண்மாயிலும் ஊருணியிலும் தேக்கித்தான் ஊர்கள் பிழைத்தன. 'இந்தக் கண்மாய் ஏன் முன்போல் நிரம்புவதில்லை?' என்று கேட்டுப் பாருங்கள். முதலில் மழைப் பதிவேடு வேண்டும். மழை குறையவில்லை என்றால், கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் எங்கே அடைபட்டது என்று நடந்து பார்க்க வேண்டும். மேல் கண்மாய் நிரம்பி, கலுங்கு என்ற வெளிப்போக்கியில் வழிகிற தண்ணீர்தான் கீழ்க் கண்மாய்க்கு வரும். ஆகவே ஒரு கண்மாயை மட்டும் தனியாக எடுத்து ஆராய முடியாது. உள்ளே எவ்வளவு வண்டல், எவ்வளவு சீமைக் கருவேலம் என்பது இன்னொரு வேலை.

அதற்கு மேல்தான் சிக்கலே. ஆயக்கட்டு, அதாவது கண்மாய் பாயும் நிலம், 100 ஏக்கருக்கு மேல் இருந்தால் கண்மாய் நீர்வளத் துறையின் பொறுப்பு, குறைந்தால் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. நம் பக்கம் பல கண்மாய்கள் பதிவேட்டில் இன்றைக்கும் 'எக்ஸ் ஜமீன்' என்றுதான் இருக்கின்றன. 1948 எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தின்படி ஜமீனிடமிருந்து அரசுக்கு வந்தவை அவை. முன்பு மராமத்தை யார் பார்த்தார்கள், மடையை யார் திறந்தார்கள், அந்த முறை எப்போது நின்றது என்று தெரியாமல் வண்டலை மட்டும் அளந்தால் பாதிப் பதில்தான் கிடைக்கும். ஊர் மக்களே சேர்ந்து நீர்நிலையைப் பராமரிக்கும் குடிமராமத்து 2017இல் அரசுத் திட்டமாகத் திரும்ப வந்தபோது தூர்வாரிய கண்மாய்களை ஆராயப் போகிறவருக்கும் இந்தப் பழைய கதை தேவை.

பறவைகளில் ஆர்வம் உள்ளவர் என்றால் திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடிக்குப் போகலாம். 1977இல் சரணாலயமாக அறிவித்தார்கள். கொள்ளுகுடிப்பட்டி மக்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. அங்கே நத்தைகுத்தி நாரை எவ்வளவு வருகிறது என்பதற்குப் பின்னால் கண்மாய்த் தண்ணீர், வயலில் இருக்கும் நத்தை, ஊரின் கட்டுப்பாடு மூன்றும் இருக்கின்றன. விலங்கியல்காரர் தனியாக இதை முடித்துவிட முடியாது.

சரி, பயிற்சிக்கு வருகிறேன். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2022 விதிகளின்படி பிஎச்.டி.க்குக் குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஆறு ஆண்டு. ஆய்வுக்கு முன் படிக்க வேண்டிய தாள்கள், அதாவது கோர்ஸ் ஒர்க், குறைந்தது 12 கிரெடிட். வேறு துறையிலிருந்தோ வேறு நிறுவனத்திலிருந்தோ கோ-கைடு வைத்துக்கொள்ளவும் விதி இடம் தருகிறது. ஆனால் கோர்ஸ் ஒர்க்கைச் சொந்தத் துறைத் தாள்களாலேயே நிரப்பிவிடுவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம். வேதியியல் மாணவருக்கு அட்வான்ஸ்டு வேதியியல் இன்னொரு தாள் எதற்கு? ஒரு பேட்டியை எப்படி எடுப்பது, வருவாய்த் துறைப் பதிவேட்டை எப்படிப் படிப்பது, வீடு வீடாகச் சர்வே எடுக்கும் முன் நெறிமுறைக் குழுவின் அனுமதி எப்படி வாங்குவது என்று கற்றுக்கொள்ள அந்த நேரத்தைக் கொடுக்கலாம். சமூகவியல் மாணவர் ஒரு நாளாவது ஆய்வகத்தில் நின்று ஃப்ளோரைடு அளந்து பார்க்க வேண்டும். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கலாம், வேறு நீர் இல்லாவிட்டால் 1.5 வரை என்று இந்தியத் தரநிலை சொல்கிறது. அந்த அரை மில்லிகிராம் இடைவெளியில் ஓர் ஊரின் கிணறு எங்கே நிற்கிறது என்பதைத் தன் கையால் அளந்தவர் அடுத்து எடுக்கிற பேட்டியே வேறு மாதிரி இருக்கும்.

அளவு பொருந்துகிறதா என்று பார்ப்பதும் பயிற்சியில் வர வேண்டும். லேண்ட்சாட் செயற்கைக்கோள் படத்தில் ஒரு புள்ளி 30 மீட்டர். ஒரு ஏக்கர் ஊருணி அதில் நாலைந்து புள்ளிதான். சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தில் 10 மீட்டர் என்பதால் நாற்பது புள்ளி கிடைக்கும். சர்வே ஊர்க் கணக்கில், தண்ணீர் மாதிரி கிணற்றுக் கணக்கில், படம் புள்ளிக் கணக்கில் என்று தனித்தனியாக எடுத்தால் கடைசியில் சேர்க்கவே முடியாது. ஒரு ஸ்காலரின் ஆய்வேடு இப்படித்தான் ஒட்டாத அத்தியாயங்களாக ஆய்வை மதிப்பிடும் டாக்டரல் கமிட்டி (டி.சி.) மீட்டிங்குக்கு வந்தது. ஒவ்வொரு அத்தியாயமும் நன்றாக இருந்தது, ஆனால் ஒன்றுக்கு இன்னொன்று தேவைப்படவே இல்லை. ஆரம்பத்திலேயே கைடுகள் இருவரும் மாணவரோடு கண்மாய்க் கரையில் ஒன்றாக நடந்து, எங்கே மாதிரி எடுப்பது, யாரிடம் பேசுவது என்று முடிவு செய்ய வேண்டும்.

வெளியே முன்மாதிரிகள் உண்டு. அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளை 1990களின் பிற்பகுதியில் இதற்கென்றே 'ஐகெர்ட்' திட்டத்தைத் தொடங்கியது. 2014இல் அதன் இடத்துக்கு வேறொரு பயிற்சித் திட்டம் வந்தது. பெங்களூருவில் உள்ள ஏட்ரீ (ATREE) என்ற சுற்றுச்சூழல் ஆய்வு நிறுவனத்தில் இயற்கை அறிவியலும் சமூக அறிவியலும் சேர்ந்த பிஎச்.டி. இருக்கிறது. ஐஐடி பம்பாயில் காலநிலை ஆய்வுக்குத் தனியாக உண்டு.

உங்களுக்கு இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். ஒன்று வேலை. உதவிப் பேராசிரியர் பணிக்கு நீங்கள் எந்தத் துறை என்றுதான் முதலில் பார்ப்பார்கள். அதனால் பட்டத்தை வேதியியலிலோ சுற்றுச்சூழல் அறிவியலிலோ பதிவு செய்யுங்கள். உதவிப் பேராசிரியர் பணிக்கான நெட் தகுதித் தேர்வு சுற்றுச்சூழல் அறிவியலுக்கும் உண்டு. ஒரு துறையில் ஆழமாகக் கால் ஊன்றியவரைத்தான் மற்றத் துறைக்காரர்களும் மதித்துக் கூட வேலை செய்கிறார்கள்.

இன்னொன்று மழை. நம் கண்மாய்க்குத் தண்ணீர் வருவது அக்டோபர் முதல் டிசம்பர் வரை. மூன்று ஆண்டில் மூன்று மழைக்காலம்தான், அதில் முதலாவது கோர்ஸ் ஒர்க்கிலேயே போய்விடும். ஜூலையில் சேருகிறீர்கள் என்றால் தலைப்பு முடிவாகும் வரை காத்திருக்காதீர்கள். செப்டம்பருக்குள் ஒரு கண்மாய்த் தொடரைத் தேர்ந்து வரத்துக்கால்களை நடந்து பாருங்கள். முதல் மழையிலேயே நீர்மட்டம் குறிக்கத் தொடங்குங்கள். சேருவதற்கு முன்பே கைடிடம் கேளுங்கள்: கோ-கைடும் நீங்களும் வருஷத்துக்கு எத்தனை முறை ஒன்றாகக் களத்துக்கு வருவீர்கள், கட்டுரையில் யார் பெயர் முதலில் வரும், கிணற்றுத் தண்ணீர் முடிவுகளை ஊராட்சிக்குத் தமிழில் எழுதிக் கொடுக்கச் சம்மதமா என்று.