பழைய போர்க்கப்பலில் வேலை பார்த்தவர்களுக்கு 40 வருடம் கழித்து ஏன் நுரையீரல் நோய் வருகிறது?

இரண்டாம் உலகப்போர் கால அமெரிக்கப் போர்க்கப்பல்கள் பெரும்பாலும் நீராவியில் ஓடியவை. பாய்லர், டர்பைன், நீராவிக் குழாய் எல்லாவற்றுக்கும் மேல் ஆஸ்பெஸ்டாஸ் என்ற, நுண்ணிழைகளாலான கனிமத்தைப் போர்த்தியிருப்பார்கள். சூடு தாங்கும், தீப்பிடிக்காது, விலையும் மலிவு. கடல் நடுவில் தீயைவிடப் பெரிய பயம் வேறென்ன?

சிக்கல் பழுதுபார்க்கும்போதுதான். ஒரு வால்வைக் கழற்ற அந்தப் போர்வையை உடைத்தெடுக்க வேண்டும். அடைசலான இயந்திர அறையில் தூசி பறக்கும். பக்கத்தில் வெல்டிங் செய்பவரும் அதைத்தான் சுவாசிப்பார். அப்புறம், அந்த அழுக்குச் சட்டையை வீட்டில் துவைத்த மனைவிக்கும் நோய் வந்ததுண்டு.

நுரையீரலில் தைத்த நுண்ணிழைகளை உடலால் கரைக்க முடியாது. நுரையீரல் உறையில் வரும் மீசோதீலியோமா என்ற புற்றுநோய் தலைகாட்ட 20 முதல் 50 ஆண்டுகள்கூட ஆகலாம். நடிகர் ஸ்டீவ் மெக்வீன் மரைன் படையில் இருந்தபோது கப்பல் குழாய்களில் ஆஸ்பெஸ்டாஸ் உரித்தவர். 1980இல் இந்த நோய்க்கான அறுவை சிகிச்சைக்குப் பிறகு இறந்தார்.

சரி, கப்பல் ஓய்வு பெற்றால் ஆபத்து தீருமா? இல்லை, உடைப்பவர் தலையில் விழும். ஆஸ்பெஸ்டாஸ் இருந்த பிரான்சின் பழைய விமானந்தாங்கிப் போர்க்கப்பல் க்ளெமான்சோ, உடைப்புக்காகக் குஜராத்தின் அலங் நோக்கி வந்தது. எதிர்ப்பு கிளம்பியதால் 2006 பிப்ரவரியில் திருப்பி அழைத்துக்கொண்டார்கள். கடைசியில் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில்தான் உடைத்தார்கள்.