தக்காளிக்கு டாடா ஏஸா, பொலிரோ பிக்கப்பா?

வணக்கம் நண்பரே. ஒரு பறிப்புக்கு 60 பெட்டி தக்காளி ஒட்டன்சத்திரம் சந்தைக்குப் போகணும், தோட்டத்துக்குள் கடைசி அரை கிலோமீட்டர் செம்மண் பாதை, பழைய வண்டிக்குத்தான் பணம் இருக்கு என்கிறீர்கள்.

முதலில் எடைக் கணக்கு. பெட்டி 25 கிலோ என்றாலே ஒன்றரை டன். ஏஸ் முக்கால் டன் வண்டி. ஏற்றினால் ஏறும்தான், டயரும், பின்னால் எடை தாங்கும் ஸ்பிரிங் பட்டையும் பாவம். இரண்டு நடை போகலாம் என்றால், இரண்டாவது நடை போய்ச் சேர்வதற்குள் ஏலம் சூடு ஆறிவிடும். பொலிரோவில் 1.3 டன், 1.7 டன் என இரண்டும் உண்டு, உங்களுக்கு 1.7தான். ஆனால் ஆர்.சி.யில் மொத்த எடை (வண்டியும் லோடும் சேர்த்து) 3,000 கிலோவைத் தாண்டினால் பெர்மிட் வேண்டும், அந்தச் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

செம்மண் விஷயம் பலர் யோசிக்காதது. பிக்கப் லோடோடு போகும்போது சேற்றில் தப்பிவிடும். காலியாகத் திரும்பும்போதுதான் மாட்டும். இழுப்பது பின்சக்கரம், அதன் மேல் எடையே இருக்காது. மழை மாதத்தில் நாலு மணல் மூட்டையைப் பின்னால் போட்டு வையுங்கள்.

பழைய வண்டி பார்க்கும்போது பெயின்ட் பளபளப்பை விடுங்கள். குனிந்து பின் பட்டைகளை எண்ணுங்கள். கூடுதலாக ஒன்று சொருகியிருந்தால் செங்கல், ஜல்லி அடித்த வண்டி. பட்டை மாட்டும் இடத்துக்கு மேலே சேஸில், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில், வெல்டிங் தழும்பு தெரிந்தால் விலையே பேசாதீர்கள்.

அப்புறம், தக்காளி வருஷத்தில் எத்தனை மாதம்? மூன்று நாலு மாதம்தான் என்றால் வாடகை வண்டியே போதும் என்பேன்.