கேள்வி பதில்: பாலஸ்தீனப் பிரிவினையும் இந்தியா சொன்ன மாற்றுவழியும்

கேள்வி: பாலஸ்தீனத்தை யூத நாடு, அரபு நாடு என இரண்டாகப் பிரிக்கும் ஐ.நா. தீர்மானத்தை எதிர்த்து 1947இல் இந்தியா வாக்களித்தது. யூதர்களுக்கு அங்கே உரிமையே இல்லை என்று நம் நாடு கருதியதா? (வாசகி, பாளையங்கோட்டை)

பதில்: இல்லை. யூதர், அரபுகள் ஆகிய இரு தரப்பாருக்கும் அம்மண்ணில் அரசியல் உரிமை உண்டு என்பதை ஏற்றுக்கொண்டுதான் இந்தியா பிரிவினையை எதிர்த்தது. ஐ.நா. அமைத்த 11 நாடுகளின் விசாரணைக் குழுவில் நம் பிரதிநிதியாக இருந்தவர் சர் அப்துர் ரஹ்மான். ஏழு நாடுகள் பிரிவினையைப் பரிந்துரைக்க, இந்தியாவும் ஈரானும் யூகோஸ்லாவியாவும் ஜெருசலேமைத் தலைநகராகக் கொண்ட கூட்டாட்சியைப் பரிந்துரைத்தன. யூதர்களுக்கு ஒன்றும் அரபுகளுக்கு ஒன்றுமாக உள்ளாட்சி உரிமையுள்ள இரு மாநிலங்கள் அதில் இருக்கும். சட்டமன்றத்தின் ஓர் அவை மக்கள்தொகைக்கு ஏற்பவும், மற்றோர் அவை இரு தரப்புக்கும் சம இடங்களோடும் அமையும். பாதுகாப்பு, வெளியுறவு, குடியேற்றம் ஆகியவை கூட்டாட்சி அரசின் பொறுப்பு.

இது நியாயமான திட்டம் என்றே நான் கருதுகிறேன். ஆயினும் இரு தரப்பாருமே இதை ஏற்கவில்லை. மக்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினரான அரபுகள், பெரும்பான்மை ஆட்சி நடக்கும் ஒரே சுதந்திர நாட்டைக் கேட்டனர். யூதத் தலைவர்களுக்கோ குடியேற்றம் உயிர்ப்பிரச்சினையாக இருந்தது: நாஜிகள் 60 லட்சம் யூதர்களைக் கொன்றொழித்த பிறகு, உயிர் பிழைத்தோர் பலர் ஐரோப்பிய முகாம்களில் போக்கிடமின்றிக் காத்திருந்த வேளையில், யாரை வரவிடுவது என்பதை இன்னொருவர் முடிவு செய்யும் ஏற்பாட்டுக்கு அவர்கள் இணங்குவது எளிதன்று. பகையின் வேர் 1917ஆம் ஆண்டின் பால்ஃபர் பிரகடனத்தில் இருக்கிறது. யூதர்களுக்குத் ‘தேசிய இல்லம்’ அமைய ஆதரவு தந்த பிரிட்டன், அன்று பெரும்பான்மையாக வாழ்ந்த அரபுகளை ‘யூதரல்லாத சமூகங்கள்’ என்று குறிப்பிட்டு, குடிமை உரிமையையும் சமய உரிமையையும் பற்றி மட்டுமே பேசியது. அரசியல் உரிமையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

கேள்வி: பிரிவினையை ஏற்றிருந்தால் பாலஸ்தீனருக்கு அன்றே நாடு கிடைத்திருக்குமே? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: கிடைத்திருக்கலாம். ஆனால் அவர்களிடம் ஏற்கச் சொன்னது எதை என்பதையும் பார்க்க வேண்டும். மூன்றில் ஒரு பங்கினரான யூதர்களுக்கு நிலப்பரப்பில் ஏறத்தாழ 56 விழுக்காடு ஒதுக்கப்பட்டது. விசாரணைக் குழுவின் கணக்குப்படி யூத நாட்டில் 4,98,000 யூதர்களோடு 4,07,000 அரபுகளும் இருந்திருப்பார்கள். பின்னர் யாஃபா நகரம் அரபு நாட்டோடு சேர்க்கப்பட்டதால் அந்த அரபுகளின் எண்ணிக்கை சற்றுக் குறைந்தது, அவ்வளவே. தம் ஊரிலேயே சிறுபான்மையினராக எவர்தாம் விரும்பி இசைவர்?

1948 மே மாதத்தில் இஸ்ரேல் தன்னைத் தனி நாடாக அறிவித்ததும் அண்டை அரபு நாடுகளின் படைகள் நுழைந்தன. போர் முடிந்தபோது ஏறத்தாழ 78 விழுக்காடு நிலம் இஸ்ரேல் வசமிருந்தது. சுமார் 7 லட்சம் பாலஸ்தீனர் வீடிழந்து அகதிகளாயினர். எஞ்சிய பகுதியிலாவது பாலஸ்தீனர் ஆட்சி அமைந்ததா என்றால் அதுவுமில்லை: மேற்குக் கரையை ஜோர்டான் தன்னோடு இணைத்துக்கொண்டது, காஸாவை எகிப்து ஆண்டது. 1947இன் மறுப்பை மட்டும் காட்டிப் பாலஸ்தீனரைக் குறை சொல்வோர் இதை மறந்துவிடுகிறார்கள். 1988 நவம்பர் 15 அன்று அல்ஜியர்ஸில் பாலஸ்தீன நாட்டை அறிவித்தபோது, 1948இல் இஸ்ரேலின் பிரகடனம் சான்றாகக் காட்டிய அதே பிரிவினைத் தீர்மானத்தையே (ஐ.நா.வின் 181ஆம் தீர்மானம்) பாலஸ்தீனத் தலைவர்களும் சான்றாகக் காட்டினர். இஸ்ரேலை 1950இலேயே அங்கீகரித்திருந்த இந்தியா, பாலஸ்தீன நாட்டையும் அம்மாதமே அங்கீகரித்தது.