வாடிக்கையாளர் வாங்கும் பட்டுக்கு நீங்கள் ஏன் வட்டி கட்டுகிறீர்கள்?

கேள்வி: மேற்கு மாம்பலத்தில் வீட்டிலேயே பரதநாட்டிய உடை தைத்துக் கொடுக்கிறேன். இரண்டு டெய்லர்கள் இருக்கிறார்கள், மாதம் பத்து செட் போகும், செட் 11,000 ரூபாய். இப்போது எல்லோரும் ஆன்லைன் கடை மாதிரியே எதிர்பார்க்கிறார்கள். அட்வான்ஸ் 1,000 தான் வாங்க முடிகிறது, கூரியர் இலவசம், எத்தனை முறை கேட்டாலும் ஆல்டரேஷன் இலவசம். பட்டு வாங்க ஒரு ஆப்பில் 2 லட்சம் கடன் எடுத்து, தினம் 800 ரூபாய் கட்டுகிறேன். இப்போது டாப்-அப் போட்டு 4 லட்சம் தருகிறோம் என்கிறார்கள். மார்கழி சீசன் வருகிறது. எடுக்கலாமா? நாத்தனார் மகள் அரங்கேற்றத்துக்கு மூன்று செட் வேறு கேட்டிருக்கிறார், காசு அப்புறம் பார்த்துக்கலாமாம்.

பதில்: எடுக்காதீர்கள் அம்மா. தொழில் செய்பவருக்கு வரவு செலவு நோட்டு எழுதச் சொல்லித் தர வேண்டியதில்லை, நீங்கள் அனுப்பிய கணக்கே சுத்தமாக இருக்கிறது. ஆனால் அந்தக் கணக்கில் ஒரே ஒரு இடத்தில்தான் பணம் ஒழுகுகிறது, அது அந்த 1,000 ரூபாய் அட்வான்ஸ்.

முதலில் கடனைப் பார்ப்போம். கையில் வந்தது கட்டணம் போக 1,94,000. தினம் 800 வீதம் 300 நாள் கட்டினால் 2,40,000. அதாவது 46,000 கூடுதல். முதல் நாளிலிருந்தே அசல் குறைந்துகொண்டு வருவதால் சராசரியாக ஒரு லட்சம்தான் உங்கள் கையில் இருக்கிறது, அதற்குப் பத்து மாதத்தில் 46,000 என்றால் வருடத்துக்கு ஏறக்குறைய 55 சதவீதம். சந்தையில் காலையில் வந்து வசூலிக்கும் தண்டல்காரரின் கணக்கும் இப்படித்தான் ஓடும், இங்கே போனில் தானாகக் கழிகிறது, அவ்வளவுதான். டாப்-அப் என்றால் பழைய பாக்கியைக் கழித்துக்கொண்டு மீதியைத்தான் தருவார்கள், ஆனால் கட்டணத்தை மொத்தத் தொகைக்கும் போடுவது வழக்கம். 2024 அக்டோபரிலிருந்து சிறுதொழில் கடனுக்கும் முக்கிய விவரத் தாள் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. எல்லாக் கட்டணமும் சேர்ந்த வருடாந்திர சதவீதம் அதில் இருக்கும், முதலில் அதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

சரி, இந்தக் கடன் எங்கே போகிறது? ஒரு செட்டுக்குப் பட்டு 6,000, தையல் கூலி 2,200, லைனிங், ஜரிகை, கொக்கி எல்லாம் 500, ஆக 8,700. அட்வான்ஸ் போக 7,700 உங்கள் பணம். ஆர்டரிலிருந்து காசு வர ஒன்றரை மாதம் என்கிறீர்கள், அப்படியானால் எந்த நேரமும் பதினைந்து செட், சுமார் 1,15,000 ரூபாய் முடங்கிக் கிடக்கிறது. லாபம் 2,300 என்று நினைக்கிறீர்கள், அதில் கடன் செலவு 460, கூரியர் 200, இரண்டாவது ஆல்டரேஷனுக்கு 300 போனால் 1,340தான் மிச்சம். உங்கள் உழைப்பும் கரண்ட் பில்லும் இன்னும் இதில் சேரவில்லை.

பெரிய ஆன்லைன் கம்பெனி அட்வான்ஸ் இல்லாமல் அனுப்பும், திருப்பியும் வாங்கிக்கொள்ளும். திரும்பி வந்த குர்தாவை அவர்கள் இன்னொருவருக்கு விற்கலாம். ஒரு குழந்தையின் அளவெடுத்து, விசிறி மடிப்பு வைத்து, பைஜாமா வெட்டித் தைத்ததை நீங்கள் யாருக்கு விற்பீர்கள்? அதனால்தான் இந்தத் தொழிலில் அட்வான்ஸ் கேட்பது நியாயம், கூச்சப்பட ஒன்றுமே இல்லை.

இனி 60 சதவீதம், அதாவது 6,600 வாங்காமல் பட்டில் கத்தரி வைக்காதீர்கள். அதிலேயே பட்டும் லைனிங்கும் வந்துவிடும், நீங்கள் போட வேண்டியது கூலி மட்டும். முடங்கும் பணம் 31,500 ஆகக் குறையும். கூரியருக்குத் தனியாக வாங்குங்கள், ஒரு ஆல்டரேஷன் இலவசம், அடுத்ததற்கு 300. தப்பு உங்கள் தையலில் என்றால் எத்தனை முறையானாலும் காசில்லாமல் சரிசெய்துதான் தர வேண்டும், அதில் மட்டும் கறார் வேண்டாம்.

பத்தில் இரண்டு பேர் போய்விடுவார்கள் என்றே வைத்துக்கொள்வோம். கடன் அடைந்த பிறகு எட்டு செட்டுக்கு 2,300 வீதம் 18,400. இன்று பத்து செட் தைத்து எடுப்பது 13,400.

எதிர்பார்ப்பு கூடியிருப்பது உண்மைதான், அதில் பாதி நியாயமானதும்கூட. கேட்டால் அன்றைக்கே பதில், வெட்டுவதற்கு முன் பகல் வெளிச்சத்தில் பட்டின் போட்டோ, சொன்ன தேதியில் டெலிவரி, இதையெல்லாம் தாராளமாகச் செய்யுங்கள், கடன் வாங்காமலே செய்யலாம். நடன ஆசிரியர்கள் மொத்தமாக ஆர்டர் கொண்டுவந்தாலும் அட்வான்ஸ் அதேதான்.

பழைய கடனை முன்கூட்டி அடைத்தால் என்ன கட்டணம் என்று எழுத்தில் கேளுங்கள். கட்டுபடியானால் வங்கியில் நகைக்கடன் வாங்கி அடைத்துவிடுங்கள், அங்கே வட்டி இதில் கால் பங்கு கூட வராது. நகையைத் தொட மனமில்லை என்றால் சிறுதொழிலுக்கான அரசின் முத்ரா கடன் திட்டத்தில், கிஷோர் பிரிவில் 5 லட்சம் வரை அடமானம் இல்லாமல் கேட்கலாம், உங்களுக்கு அவ்வளவு தேவையும் இல்லை. சிறுதொழிலை அரசிடம் பதிவு செய்யும் உத்யம் பதிவு இலவசம், அதற்குக் காசு கேட்கும் ஏஜென்ட்டிடம் போகாதீர்கள்.

நாத்தனார் விஷயம். மூன்று செட்டுக்கு உங்கள் கைக்காசு 26,100. கூலி லாபம் எதுவும் வேண்டாம் என்று அன்போடு சொல்லிவிடுங்கள், பட்டு, லைனிங், ஜரிகை, கொக்கி மட்டும் அவரையே கடைக்கு அழைத்துப்போய் அவர் காசில் எடுக்கச் செய்யுங்கள். மூன்று செட்டுக்கு டெய்லர் கூலி 6,600 உங்கள் அன்பளிப்பாக இருக்கட்டும். அதற்கு மேல் இந்த சீசனில் உங்களால் தாங்க முடியாது.