டொக்டரா, நடிகையா என்று கேட்ட அண்ணாவுக்கு

சென்ற வியாழக்கிழமை பாரிஸ் புறநகரான லா கூர்னேவிலிருந்து ஒரு குடும்பம் மகளின் படிப்புக்கு ஆலோசனை கேட்டு என்னிடம் வந்திருந்தது. அப்பா பாரிஸ் உணவகம் ஒன்றில் சமையல்காரர். இருபது வருடம் அடுப்படியில் நின்ற கை, முழங்கைக்குக் கீழே எண்ணெய் தெறித்த தழும்புகள். அம்மா பள்ளிக்கூடக் கோப்பை மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தார். மகளுக்குப் பதினேழு வயது, அடுத்த வருடம் பள்ளிப்படிப்பை முடிக்கும் பாக் பரீட்சை. "மருத்துவத்துக்குப் போடச் சொல்லி லண்டன் மாமா ஒவ்வொரு ஞாயிறும் எடுக்கிறார். இவள் நடிக்கப் போறாளாம். நீங்கள்தான் புத்தி சொல்லவேணும்" என்றார் அப்பா.

பிள்ளையிடம் திரும்பி, "சரி, ஏதாவது செய்து காட்டு" என்றேன். அவள் யோசிக்கவேயில்லை. குடும்ப உதவித்தொகை அலுவலகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் அம்மணியாக மாறினாள். மூக்குக்கண்ணாடியைக் கீழே இறக்கி, ஒரு பெருமூச்சு விட்டு, கோப்பைப் புரட்டி, "ஒரு தாள் குறையுது மேடம்" என்று பிரெஞ்சில் சொன்ன விதத்தில் அதுவரை வாய் திறக்காத அம்மா சிரித்துவிட்டார். ஒன்பது வயதிலிருந்து வீட்டுக்கு மொழிபெயர்ப்பாளர் அவள்தானாம். அப்புறம் எழுந்து நின்று, பழைய செய்யுள் நாடகம் ஒன்றிலிருந்து எட்டு வரி சொன்னாள். அப்பா மகளின் அந்தக் குரலை முதல்முறையாகக் கேட்டார் என்பது அவருடைய முகத்திலேயே தெரிந்தது.

அன்றைக்கு நேரம் போதவில்லை. அதனால்தான் அண்ணா, இதை எழுதுகிறேன்.

நீங்கள் எதிர்பார்த்த புத்தியை நான் சொல்லப் போவதில்லை. மருத்துவத்தின் முதலாம் ஆண்டு, 'பாஸ்', மறுபடி படிக்க முடியாத ஆண்டு. அதற்காகத் தனியார் பயிற்சி நிலையங்கள் ஆயிரக்கணக்கில் வாங்குகின்றன. விருப்பம் உள்ள பிள்ளைகளே அதில் நொந்துபோகிறார்கள். உங்கள் மகளுடைய புள்ளித்தாளைப் பார்த்தேன்: பிரெஞ்சு உச்சியில், உயிரியல் நடுவில், பௌதிகத்தைப் பற்றிப் பேசாமல் விடுவோம். மாமாவின் பெருமைக்காக ஒரு வருடத்தையும் உங்கள் சீட்டுக் காசையும் எரிக்க நான் உடன்படமாட்டேன். மாமா கட்டணம் கட்டுவதாகச் சொல்லியிருக்கிறாரா? இல்லையே.

நீங்கள் கேட்ட ஒரு கேள்வி மட்டும் எனக்குள் நின்றுவிட்டது. "சாப்பாட்டுக்கடையில் வேலை செய்கிறவன் மகள் எந்தக் காலத்தில் நடிகையானாள்?" என்றீர்கள். சாப்பாட்டுக்கடைக்காரர் ஒருவரின் மகள் ஆனாள் அண்ணா. பெயர் ழான் மோரோ.

1928இல் பாரிஸில் பிறந்தவர். அப்பா உணவக முதலாளி. அம்மா இங்கிலாந்தின் ஓல்டம் பக்கத்திலிருந்து வந்த நடனக்காரி, பாரிஸின் ஃபோலி பெர்ஜேர் அரங்கில் ஆடியவர். நடனக்காரியைக் கட்டிய அந்த மனிதருக்கு மகள் மேடையேறுவது மட்டும் பிடிக்கவில்லை! ஜெர்மன்காரர்கள் பாரிஸைப் பிடித்து வைத்திருந்த காலத்தில் மகள் 'அந்திகோன்' நாடகம் பார்த்துவிட்டு, இனி இதுதான் என்று முடிவெடுத்தார். அப்போது அவருக்கு ஏறக்குறைய உங்கள் மகளின் வயதுதான்.

இந்த இடத்தில் நம் சனம், வீட்டை விட்டு ஓடி சினிமாவில் சேர்ந்தார் என்றுதான் கதைக்கும். நடந்தது வேறு. அவர் அரசு நாடகப் பள்ளியான கொன்செர்வத்துவாரில் சேர்ந்தார். 1947இல், பத்தொன்பது வயதில், கொமெதி பிரான்சேஸ் அவரை எடுத்துக்கொண்டது. 1680இலிருந்து நடக்கும் அரச நாடக அரங்கம் அது. அங்கே சேர்கிறவர்களுக்கு ஒப்பந்தமும் சம்பளமும் உண்டு. அதே வருடம் நாடக இயக்குநர் ழான் விலார் அவிஞ்ஞோன் நகரில் தொடங்கிய முதல் நாடக விழாவிலும் மேடையேறினார்.

சினிமா அவரை உடனே கொண்டாடவில்லை. 1949இலிருந்து கிட்டத்தட்ட இருபது படங்கள். கேங்ஸ்டரின் காதலி, கபரே ஆட்டக்காரி, இப்படியான வேடங்கள். கமராவுக்கு ஏற்ற முகமில்லை என்ற பேச்சு வேறு. ஒவ்வொரு படத்திலும் பூசி மெழுகி, விளக்குப் போட்டு, வேறு யாரோ ஆக்கினார்கள். 1957இல் இருபத்தைந்து வயதுகூட ஆகாத இயக்குநர் லூயி மால் தன் முதல் கதைப்படத்தை எடுத்தார். இரவில் பாரிஸின் ஷான்செலிசே வீதியில் மோரோ நடக்கிறார். தனி விளக்கு இல்லை, கடை ஜன்னல்களின் வெளிச்சம் மட்டும். முகத்தில் பூச்சு இல்லை. ஒளிப்பதிவாளர் ஆன்ரி தெக்கே கமராவைக் குழந்தை வண்டிக்குள் வைத்துத் தள்ளிக்கொண்டு போனார். ஃபிலிமைக் கழுவிய லாப்காரர்களே, இந்தப் பெண்ணை இப்படிக் காட்டலாமா என்று சண்டைக்கு வந்தார்களாம். படம் 1958 ஜனவரியில் வந்தது. ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் ஒரே இரவில் வாசித்துப் பதிவு செய்த இசையோடு, அந்த நடை சினிமாப் பள்ளிகளில் இன்றைக்கும் பாடம்.

அப்போது அவருக்கு வயது முப்பது. மேடையில் கால் வைத்துப் பத்து வருடம் தாண்டியிருந்தது. அந்தப் பத்து வருடமும் சாப்பாடு போட்டது பெரும்பாலும் பள்ளியில் கற்ற தொழில்தான். கொமெதியை விட்ட பின் விலாரின் மக்கள் நாடக அரங்கில் நடித்தார். திருமணமும் ஒரு மகனும் இதற்கிடையில்.

பிறகு வந்தவை உங்களுக்கே தெரிந்திருக்கும். 1960இல் கான் விழாவில் சிறந்த நடிகை, அந்தோனியோனி, 'ஜூல் எ ஜிம்' எடுத்த த்ரூஃபோ, ஓர்சன் வெல்ஸ் போன்ற பெரிய இயக்குநர்களின் படங்கள். 1976இல் சொந்தமாகப் படம் இயக்கினார். கான் நடுவர் குழுவுக்கு இரண்டு முறை தலைவர். பிரான்சின் நுண்கலை அக்கடமிக்குள் நுழைந்த முதல் பெண். 2017இல், எண்பத்தொன்பதாவது வயதில் காலமானார். இதெல்லாம் உங்கள் மகளுக்கும் நடக்கும் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்கிற ஆலோசகர் யாரையாவது கண்டால் எழுந்து வந்துவிடுங்கள். நான் காட்டுவது அவர் போன பாதையின் முதல் ஐந்து வருடத்தை. அது இன்றும் திறந்திருக்கிறது, நம் குடும்பங்கள்தான் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை.

இனி காசுக் கதை. மகள் கையில் ஒரு தனியார் நடிப்புப் பள்ளியின் பளபளப்பான கையேடு இருந்தது. ஆண்டுக்குப் பல ஆயிரம் யூரோ. வேண்டாம். கடன் எடுத்தும் வேண்டாம், சீட்டுக் கூறியும் வேண்டாம், தாலிக்கொடியை வைத்தும் வேண்டாம். பிள்ளையிடமும் இதை முகத்துக்கு நேரே சொன்னேன், அவளுக்குக் கோபம்தான்.

உங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒபர்வில்லியே–லா கூர்னேவ் பிராந்தியக் கொன்செர்வத்துவார் இருக்கிறது. பியானோவும் வயலினும் மட்டும்தான் என்று நினைத்திருப்பீர்கள், நாடகப் பிரிவும் உண்டு. இப்படியான நகராட்சிப் பள்ளிகள் பலவற்றில் கட்டணம் குடும்ப வருமானத்தைப் பொறுத்தது. மூச்சு, குரல், உடல், பாடம் சொல்லும் முறை என்று அடியிலிருந்து தொடங்குவார்கள். பழைய பிரெஞ்சு நாடகச் செய்யுளில் ஒரு அடிக்குப் பன்னிரண்டு அசை, ஆறாவதில் ஒரு சிறு நிறுத்தம். ஒரு அசையை விழுங்கினால் கேட்கிறவருக்கு இடறும், வெண்பாவில் தளை தட்டினால் நம் தமிழ் வாத்தியார் முகம் சுளிப்பதைப் போல. தமிழ்ச்சோலைப் பள்ளிகளின் பேச்சுப்போட்டிகளில் மேடையேறிய பிள்ளைக்கு இதைத் தனியாக விளக்கத் தேவையில்லை.

பாக் முடிந்த பிறகு, உயர் நாடகப் பள்ளிகளின் நுழைவுத் தேர்வுக்குத் தயார் செய்யும் ஆயத்த வகுப்புகள் உண்டு. பணமும் அறிமுகமும் இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கென்றே சம வாய்ப்பு வகுப்புகள் தொடங்கியிருக்கிறார்கள். உங்களுக்குப் பக்கத்தில் பொபினியின் எம்சே93 அரங்கில் கேட்டுப் பாருங்கள். அரசு அங்கீகாரம் பெற்ற வகுப்பானால் மாணவர் என்ற தகுதியும் உதவித்தொகையும் கிடைக்கும். அதற்கு மேலே, மோரோ படித்த பள்ளியின் வழியில் வந்த பாரிஸ் தேசியக் கொன்செர்வத்துவார். வருடத்துக்கு ஏறக்குறைய முப்பது பேரை எடுக்கிறார்கள், ஆயிரத்துக்கு மேல் விண்ணப்பிக்கிறார்கள். மூன்று வருடப் படிப்பு, அரச டிப்ளோமா, செலவு தனியார் பள்ளியோடு ஒப்பிட்டால் சில்லறை.

முப்பதுக்குள் வராவிட்டால்? அதற்காகத்தான் பக்கத்தில் ஒரு பல்கலைக்கழகப் பதிவும் வேண்டும் என்கிறேன், இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். நடிகை இசபெல் உப்பேர் வெர்சாய் கொன்செர்வத்துவாரில் படித்தவர், ரஷ்ய மொழியும் படித்தவர். உங்கள் மகளும் சான்-தெனி பல்கலைக்கழகத்தில் நாடகமோ, மொழியோ எடுக்கட்டும். லியோனில் ஓர் அரச பள்ளி மேடை விளக்கு, ஒலி, உடை எல்லாவற்றையும் தொழிலாகவே கற்பிக்கிறது. மேடையில் நிற்பவரைவிட மேடைக்குப் பின்னால் நிற்பவருக்கு வேலை கிடைப்பது பொதுவாகச் சுலபம்.

பிள்ளையின் அம்மா வாசலில் நின்று மெதுவாகக் கேட்டார்: "வேலை இல்லாத மாதம் என்ன செய்வாள்?" இந்த நாட்டில் அதற்கொரு ஏற்பாடு உண்டு அக்கா. பன்னிரண்டு மாதத்தில் 507 மணிநேர வேலையைக் காட்டினால், வேலையில்லாத நாட்களுக்கும் உதவித்தொகை வரும். நடிகருக்கு ஒரு 'கஷே', அதாவது ஒரு நிகழ்ச்சிக்கான சம்பளம், பன்னிரண்டு மணிநேரமாகக் கணக்காகும், ஆக 43 கஷே. முதல் சில வருடம் இதைத் தொடுவது கஷ்டம், ஒளிக்காமல் சொல்கிறேன். அந்த வருடங்களில் வார இறுதியில் உணவகத்தில் தட்டு எடுக்கலாம். உங்கள் வீட்டில் யாரும் அதைக் கேவலமாக நினைக்கப் போவதில்லை.

சனம் என்ன கதைக்கும் என்பதற்கு என்னிடம் பதில் இல்லை, கதைக்கத்தான் செய்யும். லண்டன் மாமாவிடம் என் தொலைபேசி எண்ணைக் கொடுங்கள், நானே பேசுகிறேன்.

இப்போதைக்கு வேலை ஒன்றுதான். கொன்செர்வத்துவாரில் சேரும் தேதிகளை இந்தக் கிழமையே நேரில் போய்க் கேட்டு வாருங்கள். தேர்வுக்குப் பாடமாக்கிய ஒரு காட்சி வேண்டும், அதற்கு எதிர் வசனம் சொல்ல ஓர் ஆள் வேண்டும். திங்கட்கிழமை உங்கள் கடை பூட்டுத்தானே அண்ணா? அன்றைக்குப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு அவளுக்கு எதிரே இருங்கள். உச்சரிப்பு பிழைத்தால் அவள் திருத்துவாள்.