கொட்டகை போட்டவர்களும் ஒரு ராத்திரிக்கு வந்தவர்களும்: ஊர் ஊராய்ப் போன நாடகம் பற்றிக் கேள்வி பதில்

ஆரம்பிப்பதற்கு முன் ஒரு வேண்டுகோள். சின்னப் பையன்களை வைத்து நடத்திய பாய்ஸ் கம்பெனி வேறு, ஒரு ராத்திரிக்கு மட்டும் நடிகர்கள் கூடி ஆடுகிற ஸ்பெஷல் நாடகம் வேறு. இரண்டையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டிவிட்டு என்னிடம் கேட்காதீர்கள். சரி, கேளுங்கள்.

கேள்வி (மேலூர்): இரண்டும் ஊர் ஊராய்ப் போனவைதானே, அப்படி என்ன வித்தியாசம்?

பிழைப்பே வேறு. கம்பெனி என்பது ஒரு பெரிய குடும்பம் வீடு மாறுவது மாதிரி. முதலாளி, பாடம் சொல்லும் வாத்தியார், பையன்கள், சமையல்காரர், படுதா எழுதுகிறவர், உடுப்புப் பெட்டிகள் எல்லாம் ரயிலேறி ஓர் ஊரில் இறங்கும். கொட்டகையை வாடகைக்குப் பிடிப்பார்கள். வசூல் இருக்கிறவரை வாரக்கணக்கில், சில ஊர்களில் மாதக்கணக்கில் ஆட்டம். வசூல் விழுந்தால் நாடகத்தை மாற்றுவார்கள். மாற்றியும் விழுந்தால் ஊரை மாற்றுவார்கள்.

ஸ்பெஷல் நாடகத்தில் கம்பெனியே கிடையாது. ராஜபார்ட், அதாவது கதாநாயக வேஷக்காரர், மதுரையிலிருந்து வருவார், பெண் வேஷமான ஸ்திரீபார்ட் புதுக்கோட்டையிலிருந்து, சிரிக்கவைக்கிற பபூன் திண்டுக்கல்லிலிருந்து. ஆர்மோனியக்காரர் இன்னோர் ஊர். ஒத்திகை என்ற பேச்சே இல்லை. ராத்திரி பத்து மணி வாக்கில் மேடைக்குப் பின்னால் அரிதாரம் பூசும்போதுதான் பாதிப் பேர் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். ஆனாலும் விடியவிடிய வள்ளி திருமணம் நடக்கும். பாட்டும் கதைப்போக்கும் எல்லோருக்கும் மனப்பாடம். வள்ளிக்கும் நாரதருக்கும் நடக்கிற தர்க்கத்தை எவ்வளவு இழுப்பது என்பது அன்றைய கூட்டத்தைப் பொறுத்தது. எதிராளி எங்கே மடக்குவார் என்று தெரியாமல்தான் வாயைத் திறக்க வேண்டும்.

கேள்வி (சென்னை): எம்.ஜி.ஆர். எந்தக் கம்பெனியில் இருந்தார்?

மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி.

கேள்வி (தூத்துக்குடி): நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் ஒரே ராத்திரியில் ஒரு நாடகம் முழுவதையும் எழுதினார் என்கிறார்களே, நம்பலாமா?

அபிமன்யு சுந்தரியைச் சொல்கிறீர்கள். அவரிடம் பையனாக இருந்த டி.கே. சண்முகம் எழுதிவைத்திருப்பதால் நான் நம்புகிறேன். ஆனால் சனீஸ்வரன் வேஷத்தில் சுவாமிகளைப் பார்த்துப் பயந்து ஒரு கர்ப்பிணிப் பெண் இறந்துபோனாள், அதோடு அவர் நடிப்பை விட்டார் என்ற கதை, சொல்கிறவரைப் பொறுத்து இடமும் வேஷமும் மாறுகிறது. சனீஸ்வரன் சில வாய்களில் எமனாகிவிடுகிறார். நாடக உலகத்துக் கதையைக் கேட்டால் முதலில் ‘யார் பார்த்தது?’ என்று கேளுங்கள். மற்றபடி அவர் 1867இல் தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தார், 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார், 1922இல் புதுச்சேரியில் காலமானார். இதிலெல்லாம் சண்டை இல்லை.

கேள்வி (திருச்சி): பெரியவர்கள் இருக்கும்போது சின்னப் பையன்களை வைத்து ஏன் நடத்தினார்கள்?

பெரிய நடிகர்கள் முதலாளி சொன்னபடி கேட்கமாட்டார்கள். நாளைக்கு நாடகம் என்றால் இன்றைக்கு இன்னொரு கம்பெனிக்குப் போய்விடுவார்கள். பையன் சோற்றுக்கும் துணிக்கும் இருப்பான், சொன்னதை மனப்பாடம் செய்வான், மைக் இல்லாத காலத்தில் கடைசி வரிசை வரை கேட்கிற மாதிரி உச்சத்தில் பாடுவான். பெண் வேஷமும் அவனே கட்டுவான்.

சிக்கல் மகரக்கட்டில். குரல் உடைகிற வயதுக்கு நாடகக்காரர்கள் வைத்த பெயர் அது. நேற்றுவரை பவளக்கொடியாக வந்தவன் இன்று வாயைத் திறந்தால் கரகரக்கும். அப்புறம் அவனை யார் தேடுவார்கள்?

கேள்வி (கும்பகோணம்): கொத்தடிமை முறை போலச் சித்திரிக்கிறீர்கள். அது குருகுலம் ஐயா! டி.கே. சண்முகமும் என்.எஸ். கிருஷ்ணனும் பி.யு. சின்னப்பாவும் அங்கே வளர்ந்தவர்கள்தானே?

வளர்ந்தவர்களின் பெயரைத்தான் நீங்கள் சொல்ல முடியும். வளராதவர்கள் சுயசரிதை எழுதவில்லை. எங்கள் தாத்தாவின் அண்ணன் ஒரு கம்பெனியில் ஐந்து வருஷம் ஸ்திரீபார்ட் போட்டவர். மகரக்கட்டு வந்ததும் படுதாக் கயிறு இழுக்கப் போட்டார்கள். அவர் இடத்துக்கு வந்த பையனுக்குப் புடவை கட்டிவிடுவதும் அவர் வேலைதான். ஒரு வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு தகரப் பெட்டியோடு ஊருக்கு வந்து சேர்ந்தார். மளிகைக் கடையில் கணக்கு எழுதினார்.

கேள்வி (மறுபடியும் கும்பகோணம்): அவர் கம்பெனியைத் திட்டினாரா? அதைச் சொல்லுங்கள்.

இல்லை. நீங்கள் ‘கொத்தடிமை’ என்றதை அவர் காதால் கேட்டிருந்தால் கைத்தடியோடு வந்திருப்பார். ‘வாத்தியார் போட்ட பிச்சை’ என்பார். எழுபது வயதிலும் சாப்பிட்டு முடித்ததும் இலையை மடிக்காமல் உட்கார்ந்திருப்பார். பந்தியில் எல்லோரும் முடிக்கும்வரை எழக்கூடாது என்று கம்பெனியில் பழக்கியது. அவர் சாட்சி உங்கள் பக்கம், ஒப்புக்கொள்கிறேன். பத்து வயதில் ஊரைவிட்டுப் போனவருக்கு வேறு எதைச் சொல்லத் தெரியும் என்பது என் பக்கம்.

கேள்வி (சேலம்): சிவாஜி எந்தக் கம்பெனி?

யதார்த்தம் பொன்னுசாமி பிள்ளை கம்பெனி. யார் எந்தக் கம்பெனி என்ற கேள்விகளுக்கு இதுவே கடைசிப் பதில்.

கேள்வி (ராஜபாளையம்): விஸ்வநாத தாஸைப் பற்றிச் சொல்லுங்களேன்.

இதைத்தான் எதிர்பார்த்தேன். சிவகாசியில் 1886இல் பிறந்தவர். ராஜபார்ட். வள்ளி திருமணத்தில் தினைப்புனத்தில் பறவை விரட்டுகிற இடம் வரும். அங்கே ‘கொக்கு பறக்குதடி’ பாட்டை எடுப்பார். கொக்கு என்றால் வெள்ளைக்காரன் என்று தரையில் உட்கார்ந்திருக்கிற குழந்தைக்கும் தெரியும். 1876ஆம் வருஷத்து நாடகச் சட்டத்தைக் கையில் வைத்திருந்தாலும் ஸ்பெஷல் நாடகம் அரசாங்கத்துக்குத் தலைவலி. கையெழுத்துப் பிரதி வாங்கிப் படித்துவிட்டு அனுமதி கொடுக்கலாம். மேடையில் நினைத்த இடத்தில் நுழைகிற பாட்டை எப்படிப் படிப்பது? பாடி முடித்தபின் பிடிக்கத்தான் முடியும், பலமுறை பிடித்தார்கள். 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் முருகன் வேஷத்தோடு மேடையிலேயே உயிர் போயிற்று.

கேள்வி (யாழ்ப்பாணம்): எங்கள் பக்கமும் வந்தார்களா?

வராமலா? இலங்கை நல்ல வசூல் பூமி. பாடி நடித்துப் பெயரெடுத்த எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் ஜோடி சேர்ந்ததே 1920களில் அங்கே நடந்த நாடகத்தில்தான். கிட்டப்பா 1933இல் இறக்கும்போது வயது 27.

கேள்வி (கோவை): சினிமா வந்துதானே நாடகத்தைக் கொன்றது?

எந்த நாடகத்தை? பார்த்தீர்களா, மறுபடியும் ஒரே சட்டி. 1931இல் முதல் தமிழ்ப் பேசும்படம் காளிதாஸ் வந்தபின் கொட்டகைக்காரருக்குக் கணக்கு எளிதாகிவிட்டது. படப்பெட்டி சோறு கேட்காது, காய்ச்சலில் படுக்காது. கம்பெனிக்கோ ஆட்டம் இல்லாத நாளிலும் அத்தனை வயிற்றுக்கும் உலை வைக்க வேண்டும். நாலு நாள் மழை பெய்தால் முதலாளி நகையை அடகு வைப்பார். டி.கே.எஸ். சகோதரர்கள் (சண்முகமும் அவர் உடன்பிறந்தவர்களும்) போன்ற கெட்டிக்காரர்களே 1925இல் தொடங்கிய சபையை 1950இல் மூடினார்கள்.

ஸ்பெஷல் நாடகத்துக்கு அந்தச் சுமை இல்லை. கொட்டகை இல்லை, டிக்கெட் இல்லை. திருவிழாக் கமிட்டி குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி வசூலித்து ஏஜெண்டிடம் முன்பணம் கொடுக்கும், ஊர் சும்மா உட்கார்ந்து பார்க்கும். நாடகம் இல்லாத நாளில் நடிகர் தம் வீட்டுச் சோற்றைச் சாப்பிடுவார். அது இன்னும் இருப்பதற்குக் காரணம் இந்தக் கணக்குத்தான். கலைப்பற்று என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

கேள்வி (காரைக்குடி): வாரியார் சொற்பொழிவு, பட்டிமன்றம் பற்றியும் சொல்லலாமே?

காரைக்குடியில் இருந்துகொண்டு என்னிடம் கேட்கிறீர்களே! உங்கள் ஊர்க் கம்பன் கழகம் 1939இலிருந்து இருக்கிறது. அங்கே போய்க் கேளுங்கள்.

கேள்வி (ஈரோடு): ஸ்பெஷல் நாடகக் கம்பெனிகளில் சிறந்தது எது?

முதல் பதில். மெதுவாகப் படியுங்கள்.

கேள்வி (விருதுநகர்): இப்போது பார்க்க வேண்டுமானால் எங்கே போவது?

பங்குனி, சித்திரையில் மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களுக்குப் போங்கள். டீக்கடைச் சுவரில் நோட்டீஸ் இருக்கும், நடிகர்கள் போட்டோவும் எந்த ஊர்க்காரர் என்பதும் அதில் போட்டிருக்கும். பாய் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் பபூனும் டான்ஸும் வந்து அடிக்கிற கூத்தைப் பார்த்துவிட்டு ‘இவ்வளவுதானா’ என்று கிளம்பிவிடாதீர்கள், வள்ளி வர நள்ளிரவு தாண்டும். ஸ்பீக்கர் கட்டிய மரத்தடியில் மட்டும் பாயை விரிக்காதீர்கள். எனக்கு இடது காது இன்னும் சரியாகவில்லை.